வாலெலும்பு விவகாரம்

அல்சூர், பெங்களூர்
8 ஜூலை 1996

அன்புள்ள டொமினிக்,

சென்ற திங்கட்கிழமை காலை, வீட்டில் பிரிஜெட்டுடன் கலந்தாலோசித்தும் பிறகு தனியாக யோசித்தும் ஒரு முடிவுக்கு வந்தேன். பீன்யா போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னலோர இருக்கை பதினெட்டு வருடங்களாக என்னுடையது. அதை பெயின்ட் ஷாப் உமேஷுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இனி நின்றபடியே பயணம் செய்வது என்று தீர்மானம். செய்தி பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் பரவியது. யஷ்வந்தபுரம் தாண்டிய பிறகு கேண்டீன் செக்ரட்டரி எழுந்து வந்து, "என்ன ஆம்ப்ரோஸ் சார், ரிடையர்மென்ட் எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று காதோரமாகக் கேட்டார். உமேஷ் இன்னும் அந்த இருக்கையில் முழுதாகச் சாய்ந்து உட்காரவில்லை. புதிதாகப் பதவி ஏற்றவர்களுக்கு உரிய பணிவு.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். தொண்ணூற்றொன்றில் ஒரு தடவையும், நீ மலைக்குப் போவதற்கு முந்தைய மாதம் இன்னொரு தடவையும் கீறிவிட்டாயே, அந்தச் சீழ்க்கட்டி. பழைய இடத்திலேயே, பழைய மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறது. உட்கார்ந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பழம் உள்ளே இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

போன் செய்யலாமே என்று நீ கேட்பாய். எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் லைன் கிடைத்தால் கத்தித்தான் பேச வேண்டும். என் ஆசனவாயின் நிலவரத்தைக் கத்திச் சொன்னால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள். ஆகவே கடிதம்.

நான் அங்கே வரட்டுமா, நீ இந்தப் பக்கம் வருகிறாயா? பிரிஜெட் பள்ளிக்கூட ஆபீஸில் மார்க் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். யூனிஸுக்கும் என் ஞானமகள் நிக்கோலுக்கும் எங்கள் அன்பு. நீ போய் மூன்று வருடத்தில் எழுதிய கடிதங்கள் ஐந்து. அதில் இரண்டு கிறிஸ்துமஸ் கார்டு.

உன்,
ஆம்ப்ரோஸ்


சில்வர்மேடு எஸ்டேட் மருத்துவமனை
நீலகிரி
16 ஜூலை 1996

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

பயப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தில் கட்டி வருவதும், வந்தது திரும்ப வருவதும் நான் தினமும் பார்க்கிற சமாச்சாரம். உள்ளே சின்னதாக ஏதோ மிச்சம் இருந்திருக்கும். இந்தத் தடவை கொஞ்சம் அகலமாகத் திறந்து, சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை. அன்றைக்கு இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாய். சரி, நின்றுகொண்டு சாப்பிடுவாய்.

இத்துடன் மருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன். மாத்திரையை ஏழு நாளும் சாப்பிடு, மூன்றாம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடாதே. உன்னைத் தெரியும். காலையும் மாலையும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்.

பெங்களூரில் வேறு யாரிடமும் போகாதே. அங்கே இப்போது தும்மினால் ஸ்கேன். இங்கே நான் கண்ணையும் கையையும் வைத்து வேலை பார்க்கிறேன். போன வாரம் காட்டெருமை முட்டிக் குடல் வெளியே வந்த ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தைத்து உள்ளே வைத்தேன். நேற்று நடந்து வீட்டுக்குப் போனான். உன் கட்டி எனக்கு எம்மாத்திரம்?

மூன்று வருடத்தில் நான் எழுதியது ஐந்து கடிதம். சரி. நீ வந்தது எத்தனை தடவை? யூனிஸ் கேட்கச் சொன்னாள். ஆகஸ்ட் பதினைந்துக்கு லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. மேட்டுப்பாளையத்தில் ஜீப் நிற்கும்.

அன்புடன்,
டொமினிக்


அல்சூர்
6 ஆகஸ்ட் 1996

அன்புள்ள டொமினிக்,

மாத்திரையை ஏழு நாளும் சாப்பிட்டேன். வெந்நீரில் உட்கார்ந்தேன். எட்டாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தது. பிரிஜெட் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தி ஏறச் சொன்னாள். உட்கார முடியாததால் சீட்டில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டபடி அல்சூர் ஏரியைக் கடந்தேன். பின்னால் வந்த பி.டி.எஸ். பஸ் டிரைவர், என்ன வேண்டுதலோ என்று நினைத்து, ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார்.

போன இடம் டாக்டர் வீணா என்பவருடைய ஆஸ்பத்திரி அறை. மண்டியாக்காரர். முப்பத்தாறு வயது. அவருடைய பிள்ளை பிரிஜெட்டின் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அந்த வழியாகக் கிடைத்த சந்திப்பு. தமிழை வார்டிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார். "சைடுல படுங்க சார், முட்டிய நெஞ்சுக்கு மடக்குங்க, வாய் தொறந்து மூச்சு விடுங்க" என்றார். எங்களுக்குள் அறிமுகம் நடந்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையுறை போட்டுக்கொண்டு, விரலை விட்டு, ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தபடி யோசித்தார்.

பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்: "முன்னாடி ரெண்டு வாட்டி கீறினாரே, அந்த டாக்டர் இப்படி விரல் விட்டுப் பாத்தாரா?"

உன் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்று, "பாத்தாரு மேடம், நல்லாவே பாத்தாரு" என்றேன்.

அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். எழுதிவிட்டு, "அப்போ அவருக்கு இது தெரிஞ்சிருக்கணுமே. இவ்ளோ பெருசு. விரலுக்கு நல்லா இடிக்குது. பாத்தும் கண்டுபிடிக்கலன்னா எப்படி?" என்றார்.

உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன சாட்சி உன்னைத் தூக்கில் ஏற்றிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. பார்த்தான், தெரியவில்லை என்றால் நீ திறமை இல்லாதவன். பார்க்கவே இல்லை என்றால் பொறுப்பில்லாதவன். எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை, பேண்ட்டும் இல்லை. "இல்ல மேடம், பாக்கல" என்று மாற்றிச் சொன்னேன்.

எழுதிய வரியை அடித்தார். "ஏன் பாக்கல?"

"ஃப்ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்தார். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் சொன்னார். பிரிஜெட் விளக்க முயன்றாள்: "ரெண்டு பேரும் ஒண்ணாப் புதுநன்மை வாங்கினவங்க மேடம்." அந்த அம்மா இந்து. சிறுவயதில் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குவது என்று தெரியாமல், புதுநன்மை என்றால் ஏதோ தொற்று என்று நினைத்திருப்பார் போல. அதையும் எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. என்னுடையது கட்டியே இல்லை. மலக்குடலுக்குப் பின்னால், வாலெலும்புக்கு முன்னால், ஒரு சாத்துக்குடி அளவில் ஒரு பை. பிறவியிலேயே இருந்திருக்கிறது. தாயின் வயிற்றில் மனிதனுக்குக் கொஞ்ச நாள் வால் இருக்குமாமே. அந்த வால் மறையும்போது மறைய மறந்து தங்கிவிட்ட மிச்சம். ஐம்பத்தோரு வயதில், டைம் ஆபீஸில் சீனியர் கிளார்க்காக இருக்கும் நிலையில், என்னிடம் வாலின் பாக்கி இருப்பது தெரிய வந்திருக்கிறது. அதில் சீழ் பிடிக்கும்போதெல்லாம் கட்டி மாதிரி வீங்குகிறது. கீறினால் வடியும், பை அப்படியே இருக்கும். மறுபடி வரும்.

இதைக் கீறவும் கூடாதாம், ஊசி போட்டு உறிஞ்சவும் கூடாதாம். காய்ச்சல் அடங்கியதும் பின்பக்கமாகத் திறந்து, வாலெலும்பின் நுனியோடு சேர்த்து, உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். நூற்றில் சிலருக்கு அது புற்றாக மாறுமாம், விட்டுவைக்க முடியாது. இரண்டு தடவை கீறிய தழும்பில் பை மலக்குடலோடு ஒட்டியிருக்கிறது. பிரிக்கும்போது குடல் கிழிந்தால், கொஞ்ச மாதம் மலத்துக்கு வயிற்றில் பை கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்தில் போகும் நரம்பு போனால், சிறுநீர் என் பேச்சைக் கேட்காது. அதைக் கொஞ்ச மாதம் என்று அவர் சொல்லவில்லை.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

உன்,
ஆம்ப்ரோஸ்


சில்வர்மேடு
12 ஆகஸ்ட் 1996

ஆம்ப்ரோஸ்,

நீ சொல்லும் நோய் எனக்குத் தெரியாதது இல்லை. பாடப் புத்தகத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். இருபத்துநாலு வருடத்தில் நான் பார்த்த ஆசனவாய்க் கட்டிகள் ஆயிரத்துக்கு மேல். அதில் ஒன்றுகூட இது இல்லை. கட்டி போல இருப்பது கட்டிதான் என்று எடுத்துக்கொண்டு வேலை பார்ப்பவன் ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைக் குணப்படுத்துகிறான். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஒருவனையும் குணப்படுத்துவதில்லை.

ஸ்கேன் படத்தை அனுப்பு. அதைப் படிக்கிறவன் எதை வேண்டுமானாலும் பையாகப் படிப்பான்.

இன்னொன்று. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், நான் பரிசோதிக்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாய். ஏன் பரிசோதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாயா? தொண்ணூற்றொன்றில் என் நர்சிங் ஹோமில் நான் கையுறையை எடுத்தபோது, "டேய், அதெல்லாம் வேணாண்டா, மேலாகப் பாத்துக் கீறி விட்டுடு, நாளைக்கு உன் மூஞ்சியில முழிக்க வேணாமா" என்று சொன்னது யார்? ஞாபகப்படுத்திக்கொள்.

அப்படியே அது நீ சொல்லும் பைதான் என்றாலும், எடுக்க வேண்டியவன் நான். உன் உடம்பில் இரண்டு தடவை கத்தி வைத்தவன் நான். எங்கே தழும்பு இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பெண் எத்தனை செய்திருக்கிறாள்? முப்பத்தாறு வயதில் எத்தனை செய்திருக்க முடியும்? இருபத்தெட்டாம் தேதி எங்கள் தியேட்டரை உனக்காக ஒதுக்கிவிட்டேன். மயக்க மருந்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிறார். நீ வந்தால் போதும்.

டொமினிக்


அல்சூர்
20 ஆகஸ்ட் 1996

அன்புள்ள டொமினிக்,

"அன்புள்ள" என்ற சொல் உன் கடிதத்தில் விடுபட்டிருந்தது. தபாலில் உதிர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னது சரி. வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆனால் கையுறையைத் திரும்ப டப்பாவில் வைத்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். ஸ்கூல் லீவு விட்ட மாதிரி இருந்தது. பிறகு நீ சுவர் காலண்டரில் இருந்த மாதாவைப் பார்த்துக்கொண்டு என்னைக் கீறினாய். நான் அதே மாதாவைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அவ்வளவு மரியாதையாக நடத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டாம் தடவை அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட வரவில்லை. நீயே கையுறையை எடுக்கவில்லை.

டாக்டர் வீணாவிடம் கேட்டேன், எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று. "மூணு பண்ணியிருக்கேன் சார். மூணு பேரும் நடக்கறாங்க, உக்கார்றாங்க, பில்லு ஜாஸ்தின்னு என்னைத் திட்டறாங்க" என்றார். நரம்பைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் போகுது. ஒரு பக்கம் தப்பிச்சாலே கன்ட்ரோல் இருக்கும். நான் ரெண்டையும் காப்பாத்துவேன்." காப்பாத்தப் பாக்கறேன் என்று சொல்லவில்லை, காப்பாத்துவேன் என்றார். உன்னைத் தவிர இப்படிப் பேசும் ஆளை நான் பார்த்ததில்லை.

டொமினிக், உன் கையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. குடலை உள்ளே வைத்துத் தைத்து நடக்கவிடுகிறவன் நீ. ஆனால் நான் குப்புறப் படுத்திருக்கும்போது நீ என் முதுகைப் பார்த்தால், உனக்குத் தெரிவது ஆம்ப்ரோஸ். பீடி வாங்கக் காசு திருடினவன், உன் கல்யாணத்தில் மோதிரத்தைத் தொலைத்துக் கண்டுபிடித்தவன், உன் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த அம்மாவுக்குத் தெரிவது ஒரு சாத்துக்குடி. எனக்கு இப்போது வேண்டியது சாத்துக்குடியைப் பார்க்கிறவர்.

ஆகவே செப்டம்பர் நான்காம் தேதி, புதன்கிழமை, இங்கேயே. படங்களை இத்துடன் அனுப்புகிறேன், திருப்பிக் கொண்டுவந்து கொடு. நீ வர வேண்டும். கத்தி பிடிக்க வேண்டாம். பிரிஜெட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார். அவள் தைரியமாக இருக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று என்னிடம், "மூத்திரம் நிக்காமப் போனா என்னா, நான் இல்லையா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் துணி மடித்தாள். மடிக்க அவ்வளவு துணி எங்கள் வீட்டில் கிடையாது.

உன்,
ஆம்ப்ரோஸ்


சில்வர்மேடு
27 ஆகஸ்ட் 1996

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

படங்கள் வந்தன. விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். இருக்கிறது.

அந்த டாக்டரிடம் இன்னொரு தடவை கேள்: வயிற்று வழியாகவா, பின் வழியாகவா? பின் வழி என்றால் சரி, மேல் விளிம்பு விரலுக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. வாலெலும்பை எடுக்காமல் எட்டிப் பார்த்து வேலை செய்யக்கூடாது. குடலின் பின்சுவரில் இடது பக்கம் தழும்பு கெட்டியாக இருக்கும், இரண்டு தடவையும் அந்தப் பக்கம்தான் திறந்தேன். குடலைக் கழுவிச் சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது. பிரிஜெட்டிடம் இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் பார்த்து வைக்கச் சொல்.

நான் வருவதற்கில்லை. புதன்கிழமை எனக்கு ஆபரேஷன் நாள். நான்கு ஹெர்னியா இருக்கிறது. ஜெபித்துக்கொள்கிறேன்.

டொமினிக்


ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
14 செப்டம்பர் 1996

அன்புள்ள டொமினிக்,

குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணையில் அட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருந்தால் அது நரம்புக் கோளாறு இல்லை. நரம்புகள் இரண்டும் இருக்கின்றன. அந்த அம்மா சொன்னபடி.

பை முழுதாக, உடையாமல் வந்தது. வாலெலும்பும் போயிற்று. ரிப்போர்ட் நேற்று வந்தது, புற்று இல்லை. குடல் கிழியவில்லை, வயிற்றில் பை கட்டவில்லை. மூன்றாம் நாள் சிறுநீருக்குப் போட்டிருந்த ரப்பர் குழாயை எடுத்தார்கள். "வந்தா சொல்லு சார்" என்று சொல்லிவிட்டு ஆயா வள்ளியம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டார். நான் கட்டிலைப் பிடித்து நின்றபடி முதலில் ஒரு மணி நேரம், பிறகு இன்னொரு மணி நேரம் காத்திருந்தேன். பிரிஜெட் ஜெபமாலையை மூன்றாம் சுற்று ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெட்டில் சீனு என்று ஒரு எலெக்ட்ரீஷியன், என் முகத்தைப் பார்க்க முடியாமல் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டான், சத்தம் கேட்டால் வரும் என்று. வந்தது. என் விருப்பப்படி வந்தது, என் விருப்பப்படி நின்றது. வள்ளியம்மா வார்டுக்கே கேட்கும்படி, "பதினாலாம் பெட்டு பேஞ்சிட்டாரு!" என்று அறிவித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சார், இதுக்குப் போயி அழுவற" என்றார். பிரிஜெட்டைப் பார்த்து, "யம்மா, நீயுமா" என்றார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ரவுண்ட்ஸில் டாக்டர் வீணா தையலைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஃப்ரெண்டு ஊருக்குப் போய்ச் சேந்தாரா?" என்று கேட்டார். எந்த ஃப்ரெண்டு என்றேன். பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பத்து நாளாக ஒரு விஷயத்தை என்னிடமிருந்து மறைத்தது கல்யாணமானதிலிருந்து இதுவே முதல் முறை. நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. காலையில் தியேட்டர் வாசலில் மங்கி குல்லாவும் மப்ளருமாக, கையில் ஸ்கேன் கவரோடு ஒரு ஆள் நின்றானாம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. டாக்டர் வீணா வந்ததும், "நான்தான் மேடம் அந்த ரெண்டு வாட்டி கீறினவன்" என்றானாம். பேர் சொல்லவில்லை, படிப்பு சொல்லவில்லை, இருபத்துநாலு வருடம் சொல்லவில்லை. நின்று பார்க்க அனுமதி கேட்டிருக்கிறான். அவர் கொடுத்திருக்கிறார்.

என்னைக் குப்புறப் போட்டு, இடுப்பில் மடித்து, வாலெலும்பை எடுக்கிற வரைக்கும் பின்னால் நின்று நான்கு யோசனை சொன்னாயாம். நான்கில் ஒன்றை ஏற்றுக்கொண்டேன் என்றார். பிறகு பை குடலோடு ஒட்டிய இடம் வந்தது. உன் தழும்பு. அங்கே எது பை, எது குடல் என்று தெரியவில்லை. அப்போது அவர் திரும்பி, "சார், சும்மா நிக்கறீங்களே. ரெண்டு கையுறை போட்டுக்குங்க. கீழேர்ந்து விரல் விட்டு, குடலோட சுவர எனக்குக் காட்டுங்க. அப்படியே பையை என் பக்கமாத் தள்ளுங்க" என்றாராம்.

நீ போட்டுக்கொண்டாய்.

ஐம்பது நிமிடம், துணிக்கு அடியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றாயாம். "அசையவே இல்ல சார். அவர் விரல் எங்க இருக்குன்னு தெரிஞ்சதாலதான் குடல் ஓட்டையாகாம அதைப் பிரிச்சேன். நல்ல கை. அவர் மட்டும் அன்னிக்கே..." என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நீ ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு கை கழுவி, பிரிஜெட்டிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு, அரைக்கிலோ தேயிலையைக் கையில் கொடுத்துவிட்டு, நான் கண் விழிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாய். அந்த நான்கு ஹெர்னியாக்காரர்கள் என்ன ஆனார்கள்?

நீ ஏன் நிற்காமல் போனாய் என்று பிரிஜெட் கேட்கிறாள். எனக்குத் தெரியும். நாளைக்கு என் மூஞ்சியில் முழிக்க வேண்டுமே என்றுதான். டேய், முழிக்கலாம். நான் பார்த்துவிட்டேன், இதில் ஒன்றும் ஆகிவிடாது. நாற்பது வருடத்துக்கு மேல் பழகியதில் உனக்கு இதுவரை தெரியாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். இப்போது அதுவும் தெரிந்துவிட்டது. இனி மரியாதையாக நடந்துகொள்ள நமக்குள் ஒன்றும் பாக்கியில்லை.

கிறிஸ்துமஸுக்கு வா. கார்டு அனுப்பாதே.

உன்,
ஆம்ப்ரோஸ்


சில்வர்மேடு
2 பிப்ரவரி 1997

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் உன் உடம்பு. வாலெலும்பு இல்லாமல் உட்காரப் பழக ஆறு மாதம்கூட ஆகும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காராதே, இடுப்பு கோணும். புண் ஆறிய இடத்தில் ஈரம் தங்கக்கூடாது. ஒரு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொள். தும்மாவிட்டாலும் எடுத்துக்கொள்.

டாக்டர் வீணா என் யோசனையில் ஒன்றை ஏற்றதாக எழுதியிருந்தாய். இரண்டு. கீறலை எங்கே முடிப்பது என்பதும் நான் சொன்னதுதான். அவருக்கு ஞாபகம் இருக்காது, வேலையில் இருந்தார். மற்ற இரண்டையும் ஏற்காதது நல்லதாயிற்று. ஹெர்னியாக்காரர்களை வியாழக்கிழமை செய்தேன். நால்வரும் சௌக்கியம்.

இங்கே செய்தி. செப்டம்பரிலிருந்து, இடுப்புக்குக் கீழே என்ன சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் விரல் பரிசோதனை செய்யாமல் மருந்து எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தேயிலை பறிக்கிறவர்கள், லாரி டிரைவர்கள், சர்ச் உபதேசியார், எல்லோருக்கும். பெண்களுக்கு நர்ஸ் கூட நிற்பாள். முதல் மாதம் கூட்டம் பாதியானது. பிறகு பழைய அளவுக்கு வந்தது. அதில் ஒரு கங்காணியின் மனைவிக்கு, மூலம் என்று ஒரு வருடமாக நான் களிம்பு கொடுத்துவந்த அம்மாவுக்கு, குடலில் புற்று தெரிந்தது. ஆரம்ப நிலை. எடுத்துவிட்டேன். நடமாடுகிறாள். சண்டை போடுகிறாள்.

நவம்பரில் எஸ்டேட் ஜெனரல் மேனேஜர் தியோடர் வந்தார். எங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். ரத்தம் போகிறது, பழைய களிம்பையே எழுதிக் கொடு என்றார். சைடில் படுக்கச் சொன்னேன்.

"டாக்டர், நான் யார்னு தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார். அதனாலதான் ரெண்டு வருஷமா வெறும் களிம்பு எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டார். மறுவாரம் டிரைவரிடம் சீட்டு கொடுத்தனுப்பினார். எழுதித் தரவில்லை. மூன்றாம் தடவை அவரே வந்தார், படுத்தார். பரிசோதித்தேன். ஒன்றுமில்லை, சாதாரண மூலம்தான். களிம்பு எழுதிக் கொடுத்தேன். அதே களிம்பு. சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனார்.

கமிட்டி டிசம்பர் இருபத்துநான்காம் தேதி கூடியது. அதனால்தான் வர முடியவில்லை. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, புதுப்பிப்பதில்லை என்று முடிவு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வருகிறான், நல்ல படிப்பு. அவனுக்கு வார்டைச் சுற்றிக் காட்டினேன். அந்தக் கங்காணி மனைவியின் கேஸ் ஷீட்டை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

யூனிஸ் பீங்கான் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கிவிட்டாள். நிக்கோல் உனக்கு முத்தம் அனுப்புகிறாள். பிரிஜெட்டுக்கு என் அன்பு. தேயிலை தீர்ந்திருக்கும், கொண்டுவருகிறேன்.

உன்,
டொமினிக்

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முகவரி: மாடி வீடு, இரண்டாவது கிராஸ், ஒக்கலிபுரம், பெங்களூர் 560021.